"இந்தக் காட்டுல என்ன விளையும்?": எல்லையோர நிலத்தைத் தரம் பிரித்து வரைவது

தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்தில் ரோட்டைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும், மண் மாறாது. கோயமுத்தூர்ப் பக்கத்துக் கரிசல் அப்படியே வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை என்று நீண்டு போகிறது. நடுநடுவே செவக்காடு என்கிற செம்மண் நிலம், சரளை மேடு, பள்ளத்தை ஒட்டிக் கொஞ்சம் வண்டல். கேரளத்தில் சொல்லிக்கொள்ளும்படி கரிசல் கிடப்பது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவின் இந்தக் கிழக்கு ஓரத்தில்தான். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் பூமி என்பதால் மழை குறைவு, ஆடிக் காற்று அதிகம். இங்கே காடு (இந்தப் பக்கத்தில் விளைநிலத்துக்கு அதுதான் பேர்) வாங்குகிறவர், தென்னை வைக்கிறவர், ஆழ்துளைப் போர் போடுகிறவர் எல்லோருக்கும் இருப்பது தலைப்பில் உள்ள கேள்விதான். பதிலைப் பதிவேட்டில் தேடுவது வழக்கம். குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில், கிராமத்து நிலங்களுக்கான வருவாய்த் துறைப் பதிவேடான அ-பதிவேட்டை எடுத்தால் "மண் வயனமும் ரகமும்" என்று ஒரு கலம் இருக்கும், அதற்கடுத்து "மண் தரம்". முதல் கலத்தில் நடுவே கோடு போட்டு இரண்டு எண்கள். முன்னெண் மண் இனத்தையும் பின்னெண் அந்த இனத்துக்குள் அதன் வரிசையையும் சொல்லும். மதராஸ் மாகாணத்தில் தீர்வை, அதாவது நிலவரி, போடுவதற்காகச் செய்த பாகுபாடு இது. களியா மணலா, கருப்பா சிவப்பா என்று மண்ணைப் பார்த்துத்தான் எழுதினார்கள். ஆனால் தீர்வை வீதம் நிர்ணயிக்கும்போது புன்செய்க்குச் சந்தையும் சாலையும் எவ்வளவு பக்கம், நன்செய்க்குத் தண்ணீர் ஆதாரம் எவ்வளவு நம்பகம் என்பதும் கணக்கில் சேர்ந்தன. அதற்குப் பிறகு ஏரியில் வண்டல் அடித்திருப்பார்கள், செங்கல் சூளைக்கு மேல்மண்ணை விற்றிருப்பார்கள், ஜேசிபி விட்டுச் சமன் செய்திருப்பார்கள். பதிவேட்டில் எண் அதேதான். ஆழம் பற்றி அந்த எண்ணில் நமக்குப் பயன்படும் தகவல் எதுவுமில்லை.

மேற்கே, கேரளத்தில், அடிப்படை வரிப் பதிவேட்டில் "நிலம்" என்றும் "புரயிடம்" என்றும் இருக்கும். நிலம் என்று எழுதியிருந்தால் நெல்வயல், புரயிடம் என்றால் வீடோ தோட்டமோ இருக்கும் மேட்டு நிலம். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு எவையெல்லாம் நெல்வயல் என்று காட்டும் டேட்டா பேங்க் பட்டியல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. இந்தப் பக்கத்தில் வாங்குகிறவர்கள் இரண்டையும் பார்த்தே ஆகவேண்டும். பட்டியலில் ஏறிய வயலில் மண்ணைக் கொட்டி மேடாக்கித் தென்னை வைப்பது சட்டச் சிக்கல். ஆனால் இவையெல்லாம் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதற்கான தரம். என்ன விளையும் என்பதற்கான தரத்தை மண்ணுக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

மண் ஆய்வாளர்கள் நிலத்தைத் தரம் பிரிக்க இரண்டு முறைகளைக் கையாள்கிறார்கள். ஒன்று அமெரிக்க வேளாண்மைத் துறை 1961-இல் வெளியிட்ட நிலத்திறன் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரை. முதல் நான்கும் உழுது பயிரிடத் தகுந்தவை, ஐந்து முதல் எட்டு வரை மேய்ச்சல், மரம், வனம் என்று விட்டுவிட வேண்டியவை. எண்ணுக்குப் பக்கத்தில் குறையைச் சொல்லும் எழுத்து ஒன்று: மண் அரிப்பா, நீர் தேக்கமா, வேர் மண்டலக் குறையா, தட்பவெப்பமா என்று. "மூன்றாம் வகுப்பு, வேர் மண்டலக் குறை" என்று படித்தால் ஆள் பார்க்காமலே நிலத்தின் நோய் தெரியும். மற்றது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1976-இல் தந்த தகுதிச் சட்டகம். இது நிலத்தைப் பொதுவாக நல்லது கெட்டது என்று சொல்லாது. எந்தப் பயிருக்கு என்று கேட்கும். அந்தப் பயிருக்கு மிகத் தகுந்தது எஸ்-1, ஓரளவு எஸ்-2, விளிம்பில் நிற்பது எஸ்-3, இப்போதைக்குத் தகாதது என்-1, என்றைக்கும் தகாதது என்-2. நம் எல்லையோரக் காடுகளுக்கு இரண்டாவதுதான் உதவும் என்பது எங்கள் கட்சி. ஒரே ஐந்து ஏக்கர் நெல்லுக்கு முதல் தரமாகவும் நிலக்கடலைக்கு மூன்றாம் தரமாகவும் இருக்கிற ஊர் இது. அதை ஒற்றை எண்ணுக்குள் அடைத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அளவுகோலைப் பற்றிப் பேசாமல் வரைபடம் பேச முடியாது. வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிந்து எழுத்தும் எழுதக்கூடிய மிகச்சிறிய துண்டு சுமார் 0.4 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். 1:2,50,000 அளவில் அது தரையில் 250 ஹெக்டேர். 1:50,000 அளவில் 10 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர். 1:10,000-க்கு வந்தால்தான் 0.4 ஹெக்டேர், ஒரு ஏக்கர். மாவட்ட மண் வரைபடத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி, தன் மூன்று ஏக்கர் எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்க்கிறவர்கள் உண்டு. படம்தான் பெரிதாகும், தகவல் பெரிதாகாது. இணையத்தில் கிடைக்கும் உலக மண் படங்களில் ஒரு கட்டம் 250 மீட்டர் சதுரம் என்றால் அதற்குள் 15 ஏக்கர் அடங்கும். கரிசலும் சரளையும் இரண்டு வரப்பு இடைவெளியில் மாறுகிற இந்தப் பக்கத்தில் அதை நம்பிக் குழி தோண்ட முடியாது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைக்கும் இதே கணக்கு உண்டு. திட்டப்படி இறவைக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒன்று. அட்டை உரத்துக்கு உதவும். அடியில் பாறை எத்தனை அடியில் என்று அதில் இருக்காது.

சாய்வும் இப்படித்தான். செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கி, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் சாய்வு வரைபடம் பளபளவென்று வரும். இலவசமாகக் கிடைக்கும் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர். ஒரு சதவீத வாட்டம் என்றால் அந்த 30 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இறக்கம். தரவின் உயரப் பிழையோ சில மீட்டர். தென்னந்தோப்பு மேல் என்றால் அது அளப்பது தரையையா மட்டையையா என்பதும் நிச்சயமில்லை. மலையடிவாரத்தில், முதலமடைக்குத் தெற்கே, அது பயன்படும். கொழிஞ்சாம்பாறைச் சமவெளியில் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் அதைவிட நம்பகமானது. இருபது மீட்டர் குழாயின் இரு முனையிலும் தண்ணீர் மட்டத்தை அளந்து, வித்தியாசம் 20 சென்டிமீட்டர் என்றால் ஒரு சதவீதம். மண் ஆய்வில் 0–1, 1–3, 3–5, 5–10 சதவீதம் என்று ஏ, பி, சி, டி வகுப்பு வைப்பார்கள். ஏ-யும் பி-யும் கண்ணுக்கு ஒரே சமதளமாகத் தெரியும். ஆனால் பி-யில் கோடை மழை ஒன்று வலுத்துப் பெய்தால் உழுத செம்மண் கலங்கி ஓடும்.

இனி களம். கையில் வேண்டியவை: புலப்படத்தின் (புல எண்வாரி நில அளவைப் படம்) நகல், ஜிபிஎஸ் உள்ள கைப்பேசி, மண் துளைக்கும் ஆகர் அல்லது நல்ல கடப்பாரை, மம்முட்டி, அளவு நாடா, 2 மில்லிமீட்டர் சல்லடை, தராசு, தண்ணீர் பாட்டில், நீர்த்த ஆசிட் சொட்டுக் குப்பி. கக்கூஸ் கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் போதும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

குழி வெட்டுவதற்கு முன்னால் ஏற்கெனவே வெட்டிய குழிகளைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் திறந்த கிணறு இல்லாத காடு குறைவு. கல் கட்டாத கிணற்றின் மேல்வாயில் மண் எங்கே முடிகிறது, சுக்கான் (சுண்ணாம்புக் கல் சேர்ந்த கெட்டி அடுக்கு) எங்கே தொடங்குகிறது, பாறை எத்தனை அடியில் என்பது முழுக்கத் தெரியும். ரோடு வெட்டிய கரை, செப்டிக் டேங்க் குழி, பக்கத்துக் காட்டில் தென்னைக்கு எடுத்த குழி, இடிந்த ஓடைக்கரை எல்லாம் செலவில்லாத ஆதாரங்கள். செடியும் பேசும். நீர் வடியாத இடத்தில் கோரை மண்டும், சரளை மேட்டில் ஆவாரையும் கொழிஞ்சியும் நிற்கும், கரிசலில் கருவேலம். தோப்பாகிவிட்ட இடத்தில் இந்த அடையாளம் எல்லாம் போய்விடும். அங்கே வரப்பையும் வேலியோரத்தையும் பார்க்க வேண்டும். சித்திரையில் எடுத்த சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர் துல்லியத்தில் வெற்றுக் காட்டின் நிறம் தெரியும். கரிசலும் செவலும் பிரியும் கோட்டை முதலில் அதில் பென்சிலால் குறித்துக்கொண்டு போய்க் களத்தில் சரிபார்த்தால் பாதி நடை மிச்சம்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே நேர்கோட்டில் நடப்பது நல்லது. நம் பக்கத்தில் மண் மாறுவது பெரும்பாலும் அந்த வாக்கில்தான்: மேட்டில் சரளைச் செவல், இடையில் ஆழமான செவல், கீழே கரிசல். ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை ஆகர் இறக்கி, நிறமோ களியோ மாறும் இடத்தைக் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு மண்ணுக்கும் நடுவில் ஒரு குழி. ஓரத்தில் எடுத்த குழி இரண்டு மண்ணையும் பற்றிப் பொய் சொல்லும். வரப்பு, எருக்குழி, பழைய களம், மாட்டுச்சாளை இருந்த இடம், மரத்தடி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

குழி மூன்றடி அகலம், ஐந்தடி நீளம். ஆழம் ஐந்தடி, அல்லது பாறை வரை. வெயில் நேராக விழும் பக்கத்தைப் படிக்கும் முகமாக வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் படி வெட்டினால் ஏறி இறங்கலாம். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் கொட்டுங்கள். மூடும்போது அதே வரிசையில் திரும்பப் போக வேண்டும். படிக்கும் முகத்துக்கு மேலே யாரும் நிற்கக் கூடாது. ஜேசிபியில் எடுத்தால் வாளி இழுத்த இடம் பூசின சுவராக இருக்கும். கத்தியால் ஒரு அங்குலம் செதுக்கி எறிந்த பிறகே அடுக்கு தெரியும்.

முகத்தில் நாடாவைத் தொங்கவிட்டு, மேலிருந்து கீழே கத்தி முனையால் குத்திக்கொண்டே வாருங்கள். கத்தி இறங்கும் விதம் மாறும் இடமெல்லாம் அடுக்கு மாறும் இடம். ஒவ்வொரு அடுக்கிலும் பார்க்க வேண்டியது: ஈரமண்ணின் நிறம், களித்தன்மை, சரளை, வேர் எதுவரை போயிருக்கிறது, ஆசிட் விட்டால் நுரைக்கிறதா (நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது), துரு நிறத்தில் புள்ளி இருக்கிறதா. துருப்புள்ளியும் சாம்பல் திட்டும் இருந்தால் அந்த ஆழத்தில் வருஷத்தில் சில வாரமாவது தண்ணீர் நிற்கிறது. வெயில் காலத்தில் காடு வாங்க வருகிறவருக்கு இதைக் காட்டுவது அந்தப் புள்ளி ஒன்றுதான். லேப்புக்கு மாதிரி எடுக்கும்போது அடி அடுக்கிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள், மேல்மண் உதிர்ந்து கீழே கலக்காமல் இருக்கும்.

களித்தன்மைக்கு எலுமிச்சை அளவு மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளிப் பார்ப்பது போதும். ஒரு அங்குலத்துக்குள் உடைந்தால் இருமண், அதாவது மணலும் களியும் கலந்த மண். ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் வந்தால் களி இருமண். இரண்டுக்கு மேல் நீண்டால் களி. நம் கரிசல் இரண்டைத் தாராளமாகத் தாண்டும். கரிசலில் இன்னும் இரண்டு அடையாளம் தேடலாம்: கோடையில் விரல் நுழையும் வெடிப்பு, மூன்றடிக்குக் கீழே மினுமினுவென்று வழுக்கலான சாய்ந்த பரப்புகள். மண் உப்பிச் சுருங்கி ஒன்றோடொன்று உரசியதால் வந்த மினுமினுப்பு அது. அந்த மண்ணில் சிமெண்ட் தொட்டியும் பிவிசி குழாயும் பிளந்துகொள்வதற்கும் அதே உரசல்தான் காரணம்.

சரளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் ஆட்களை ஏமாற்றும் முதல் விஷயம் அதுதான். மண் பரிசோதனைக் கூடத்தில் மாதிரியை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த பிறகே சோதிப்பார்கள். கல் முழுக்க வெளியே போய்விடும். தழை, மணி, சாம்பல் எண்கள் எல்லாம் மிஞ்சிய மண்ணுக்கானவை. சரளை மேட்டு மண்ணின் ரிப்போர்ட் பக்கத்துச் செவக்காட்டின் ரிப்போர்ட்டைப் போலவே அழகாக வரும். ஒரு கிலோ உலர்ந்த மண்ணை நீங்களே சலித்து எடை போடுங்கள். 400 கிராம் கல் நின்றால் எடையில் 40 சதவீதம். கல் கனம் அதிகம் என்பதால் கன அளவில் ஏறக்குறைய 27 சதவீதம்.

இதை வைத்துத் தண்ணீர்க் கணக்குப் போடலாம். மணல் கலந்த செவல் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பயிர் எடுக்கக்கூடிய தண்ணீராகச் சுமார் 100 மில்லிமீட்டர் பிடிக்கும். அரை மீட்டரில் சுக்கான் பாளம் வந்துவிட்டால் 50. அதில் 27 சதவீதம் கல் என்றால் 36. பாதி தீர்ந்ததுமே பயிர் வாட ஆரம்பிக்கும், ஆகவே கையில் இருப்பது 18 மில்லிமீட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் செலவு என்றால் மூன்றரை நாள். ஆடிக் காற்றில் செலவு இன்னும் கூடும். கீழே ஒரு மீட்டர் கரிசலில் 180 மில்லிமீட்டர் பிடிக்கும், பாதி 90, பதினெட்டு நாள் தாங்கும். ஒரே வரப்புக்கு இரண்டு பக்கமும் மூன்றரை நாளும் பதினெட்டு நாளும். "நாலு நாளைக்கு ஒருக்காத் தண்ணி" என்று முழுத் தோட்டத்துக்கும் ஒரே முறை வைக்கிறவர்கள் மேட்டில் தென்னையை வாட்டுகிறார்கள், பள்ளத்தில் அழுக வைக்கிறார்கள். சொட்டுநீர் வால்வை மண் எல்லைக்கு ஏற்றபடி பிரித்தால் போதும். இந்த வரைபடம் போட்ட செலவு அந்த ஒரு காரியத்திலேயே திரும்பி வரும்.

அடுத்தது மதிப்பிடுதல். பயிர்வாரியாக வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். தென்னைக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால் எஸ்-1, 75 சென்டிமீட்டர் வரை எஸ்-2, 50 வரை எஸ்-3, அதற்குக் கீழே தகாது. நிலக்கடலைக்கு 75-க்கு மேல், 50 வரை, 25 வரை என்று அதே மாதிரி. இது ஆழத்துக்கு. களித்தன்மை, வடிகால், சரளை, பி.எச். (புளிப்பு–காரத்தின் அளவு), உப்பு, சாய்வு ஒவ்வொன்றுக்கும் இப்படி வரிசை உண்டு. நிலக்கடலைக்கு ஆழமான கரிசல் ஆழத்தில் எஸ்-1, களித்தன்மையில் எஸ்-3: காய் இறங்கும், ஆனால் பறிக்கும்போது மண் காய்ந்திருந்தால் பாதிக் காய் உள்ளேயே நின்றுவிடும். நெல்லுக்கு அதே களி எஸ்-1. மாமரத்துக்கு ஆறடி ஆழமும் நல்ல வடிகாலும் வேண்டும். தெற்கே முதலமடை மாந்தோப்பைப் பார்த்துவிட்டு வடகரப்பதிக் கரிசலில் மாங்கன்று வைப்பவர் அங்கே மண் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

இத்தனை குணத்துக்கும் மதிப்பு வந்த பிறகு மொத்தத் தரம் எப்படி? இங்கேதான் இன்றைய கணினி வரைபடங்களோடு எங்களுக்குச் சண்டை. பல ஆய்வுகளில் ஒவ்வொரு குணத்துக்கும் எடை கொடுத்துக் கூட்டிவிடுகிறார்கள். ஆழத்துக்கு 25, மீதி எல்லாவற்றுக்கும் சேர்த்து 75 என்று வையுங்கள். முப்பது சென்டிமீட்டரில் பாறை உள்ள காட்டுக்கு ஆழ மதிப்பெண் நூற்றுக்கு 20, மற்றதெல்லாம் 90. கூட்டினால் 5-ம் 67.5-ம் சேர்ந்து 72.5. வரைபடத்தில் பச்சை நிறம், தென்னைக்கு ஓரளவு தகுந்தது! ஒரு அடியில் பாறை இருக்கிற காட்டுக்கு. பி.எச். நன்றாக இருந்து என்ன, வேருக்குப் போக இடமில்லை. மிக மோசமான குணம் எதுவோ அதுவே மொத்தத் தரம் என்று வைப்பதுதான் சரி. கலிபோர்னியாவில் ஸ்டோரி 1933-இல் தந்த பெருக்கல் முறை நடுவழி: 90, 80, 90, 80 சதவீதம் என்று நான்கு குணங்களைப் பெருக்கினால் 52 வரும். ஒன்று 20-க்கு விழுந்தால் முழுதும் விழும். கூட்டலைவிட அது எவ்வளவோ மேல். இருந்தாலும் வரைபடத்தில் எண்ணை மட்டும் எழுதினால் எந்தக் குணம் இழுத்தது என்று தெரியாமல் போகும். எஸ்-3 என்று எழுதும் ஒவ்வொரு துண்டிலும் காரணத்தையும் எழுதுங்கள்: ஆழம், வடிகால், சரளை, சுண்ணாம்பு.

காரணம் எழுதியிருந்தால்தான் அடுத்த கேள்விக்குப் போக முடியும்: இந்தக் குறை திருத்தக்கூடியதா? பாறை ஆழத்தைத் திருத்த முடியாது. நீர் தேக்கத்தை வடிகால் வெட்டித் திருத்தலாம். கரிசலில் தென்னைக்கு மூன்றடிக் குழி எடுத்தால் அந்தக் குழியே ஐப்பசி மழையில் தொட்டியாகிவிடும். மேடு கட்டி அதன்மேல் நட்டு, வரிசைக்கு நடுவே வாய்க்கால் எடுத்தால் எஸ்-3 எஸ்-2 ஆகும். களர் என்றால், அதாவது பி.எச். 8.5-க்கு மேல் போய், மண் துகள்கள் பிடித்துவைத்திருக்கும் அயனிகளில் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், ஜிப்சமும் கழுவிவிட நல்ல தண்ணீரும் வடிகாலும் மூன்றும் சேர்ந்து வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஜிப்சம் மட்டும் தூவுவது செலவுக் கணக்கில்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் இன்றைய தரம் ஒன்று, திருத்திய பிறகு வரக்கூடிய தரம் ஒன்று என இரண்டு எழுதுவது முறை.

நன்றாக இருக்கிற தரத்தைக் கெடுப்பதும் எளிது. ஒரு சதவீத வாட்டமுள்ள 60 மீட்டர் வயலைச் சமன் செய்தால் மேல்முனையில் 30 சென்டிமீட்டர் வெட்டிக் கீழ்முனையில் 30 கொட்ட வேண்டும். மேல்மண் 20 சென்டிமீட்டர்தான் என்றால் மேல்முனையில் சுக்கான் வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் மக்காச்சோளம் நாலைந்து வருஷம் வெளுத்தே நிற்கும். மேல்மண்ணை முதலில் வழித்து ஓரத்தில் குவித்து, அடிமண்ணைச் சமன் செய்து, பிறகு மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். ஜேசிபி மணிக்கணக்கு கூடும் என்பதால் யாரும் செய்வதில்லை.

எல்லையின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மண் ஆய்வுத் துறைகள். ஒரே மாதிரி அடுக்குள்ள மண்களை ஒரு தொடர் என்று பெயரிடுவார்கள்: கோயமுத்தூர் மாவட்டத்துச் செவலுக்கு இருகூர் தொடர், கரிசலுக்குப் பெரியநாயக்கன்பாளையம் தொடர் என்று பெயர். மேற்கே வேறு தொடர்ப்பெயர்கள். இரண்டு வரைபடங்களை ஒட்டினால் எல்லைக்கோட்டில் மண் சட்டென்று மாறுவது போலத் தோன்றும். அது அலுவலக எல்லை. பெயரை விட்டுவிட்டு ஆழம், களி, சுண்ணாம்பு, வடிகால் என்ற குணங்களை வைத்து ஒப்பிட்டால் கோடு மறைந்துவிடும். கேரளத்தை 23 வேளாண் சூழல் அலகுகளாகப் பிரித்தபோது பாலக்காட்டுக் கிழக்குச் சமவெளியைத் தனி அலகாக வைத்தார்கள். நல்ல காரியம். ஏனென்றால் கேரளத்தின் பெரும்பகுதி புளிப்பு மண், சுண்ணாம்பு போடு என்பது அங்கே பொதுப் பரிந்துரை. கிழக்குக் கரிசலில் பி.எச். 8-ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது, ஆசிட் விட்டால் புசுபுசுவென்று நுரைக்கிறது. அங்கே சுண்ணாம்பு போட்டால் இருக்கிற இரும்பும் துத்தநாகமும் பயிருக்கு எட்டாமல் போகும். கடலைச் செடியின் இளம் இலை, நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் நின்றால் முதலில் நினைக்க வேண்டியது அதுதான். நுரை வரும் துண்டுகளையெல்லாம் "சுண்ணாம்பு வேண்டாம்" என்று படத்திலேயே எழுதிவிடலாம்.

வரைவது கடைசி வேலை, பெரிதாக ஒன்றுமில்லை. திறந்த வெளியில் கைப்பேசி ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் பிசகும், தோப்புக்குள் இன்னும் கூடுதல். 1:5,000 வரைபடத்தில் ஐந்து மீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர், பாதகமில்லை. பழைய கிராம வரைபடங்கள் மைலுக்கு 16 அங்குலம், அதாவது 1:3,960. அதை ஸ்கேன் செய்து பொருத்தும்போது முச்சந்தி எல்லைக்கல், கிணறு, பாலம் என்று ஆறேழு நிலையான புள்ளிகளைப் பிடியுங்கள். வரப்பைப் பிடிக்காதீர்கள், வரப்பு நகரும். மண் எல்லையைப் புல எண் எல்லையோடு ஒட்டி வரையும் ஆசையை அடக்குங்கள். மண்ணுக்குப் பட்டா தெரியாது. கரிசலும் செவலும் கலந்த இருபது மீட்டர் இடைப்பட்டை இருந்தால் புள்ளிக்கோடு போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மண், களித்தன்மை, ஆழம், சாய்வு, அரிப்பு ஆகியவற்றைச் சுருக்கக் குறியாக எழுதி, குழி எடுத்த இடத்தை எண்ணோடு குறிக்க வேண்டும். குழி எண் இல்லாத துண்டு ஊகம் என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

தண்ணீர் தனித்தாள். 1970 ஒப்பந்தப்படி பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்திலிருந்து மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். வாய்க்கால் தலையில் இருக்கும் வயலும் கடைமடையில் இருக்கும் வயலும் ஒரே மண்ணானாலும் நெல்லுக்கு ஒரே தரமாகாது. கடைமடைக்கு ஒரு படி குறைத்துத்தான் எழுத வேண்டும். போர் தண்ணீரை மழைக்குப் பிறகு எடுத்துச் சோதித்தால் நன்றாகவே வரும். மே மாதம் மட்டம் இறங்கியிருக்கும்போது, அரை மணி நேரம் ஓடவிட்டு, கழுவிய பாட்டிலில் வாய் நிறைய எடுத்து அன்றைக்கே கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறனோடு எஞ்சிய சோடியம் கார்பனேட்டையும் கேட்டு வாங்குங்கள். அது லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலெண்டைத் தாண்டினால் அந்தப் போரை நம்பிய துண்டுகளில் திருத்திய தரத்தை அழித்துவிட வேண்டியதுதான். கரிசலில் அந்தத் தண்ணீர் வருஷா வருஷம் மண்ணைக் களராக்கிக்கொண்டே போகும். தாளின் ஓரத்தில் தேதியும் போர் ஆழமும் தண்ணீர் நின்ற மட்டமும் எழுதுங்கள். போரை இன்னும் நூறு அடி இறக்கினால் புதிய மாதிரி, புதிய தாள்.